22, 500: ஓர் இடைவெளி காட்டிக்கொடுத்த தேர்வு

தொழில்நுட்பக் காலத்தில் காப்பியடிப்பது என்றதும் காதுக்குள் புளூடூத், கழிப்பறைக்குள் செல்போன், வாட்ஸப்பில் வினாத்தாள் என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். இந்தச் சம்பவத்தில் இவை எதுவும் இல்லை. தேர்வு அறையே இல்லை. கண்காணிப்பாளர் இல்லை. இணையத்தைப் பார்க்கத் தடையும் இல்லை. தடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றை மீறியதாக, 279 பேர் படித்த ஒரு வகுப்பில் சுமார் 125 பேர் விசாரணைக்குள் வந்தார்கள்.

நடந்தது 2012இல், அமெரிக்காவின் ஹார்வர்ட் கல்லூரியில். சிலருடைய பெயர்கள் அப்போதே பத்திரிகைகளில் அடிபட்டன. யார் என்பதைவிட, எந்த இடத்தில் என்ன முடிவு எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதுதான் நமக்குத் தேவை. அதனால் பெயர்களை விட்டுவிட்டேன். நம் கல்லூரிகளில் வினாத்தாள் தயாரிக்கிறவர்களையும் தேர்வுப் பிரிவில் இருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

பின்னணி

பாடத்தின் பெயர் ‘காங்கிரஸ்: ஓர் அறிமுகம்’. இங்கே காங்கிரஸ் என்பது கட்சி இல்லை, அமெரிக்க நாடாளுமன்றம். பேராசிரியர் ஒருவர் விரிவுரை நடத்துவார். வகுப்பு பெரியது என்பதால் சிறு குழுக்களாகப் பிரித்து, ஆராய்ச்சி மாணவர்கள் உதவி ஆசிரியர்களாக இருந்து கலந்துரையாடல் வகுப்பு எடுப்பார்கள். விடைத்தாள் திருத்துவதும் அவர்கள்தான். ஒரே பாடம், ஒரே தேர்வு, ஆனால் மாணவர் போய்ச் சந்தேகம் கேட்கும் ஆள் குழுவுக்குக் குழு வேறு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வேண்டியிருக்கும்.

சுலபமாக மார்க் கிடைக்கும் பாடம் என்ற பெயர் இதற்கு ஏற்கெனவே இருந்தது. விளையாட்டு வீரர்கள் பலர் எடுத்திருந்தார்கள். போன வருஷம் 120 பேருக்கு ‘ஏ’ கொடுத்தேன், இந்த வருஷமும் கொடுப்பேன் என்கிற ரீதியில் ஆசிரியர் முதல் நாளே சொன்னார் என்றும், வகுப்புக்கு வருவது கட்டாயமில்லை என்றார் என்றும் மாணவர்கள் பின்னால் பத்திரிகைகளிடம் சொன்னார்கள். உள்ளபடியே என்ன சொன்னாரோ, மாணவர்கள் காதில் விழுந்தது இதுதான்.

ஆனால் 2012இல் தேர்வு முன்னைப்போல இல்லை. கேள்விகள் கடுமையாகிவிட்டன. பெயரைக் கேட்டு வந்து சேர்ந்தவர்களுக்கு எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது ஒன்று. காப்பி பற்றிப் பேசும்போது நாம் சுலபமாகத் தாண்டிப்போகும் இடம் இது. வகுப்புக்கு வராமலே தேறிவிடலாம் என்று நம்பி வந்தவன், செமஸ்டர் முடிவில் கடினமான தாளோடு தனியாக உட்கார்ந்திருக்கிறான். அவன் பக்கத்து அறைக் கதவைத் தட்டுவான் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

தேர்வும் அதன் முதல் பக்கமும்

இறுதித் தேர்வு, வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதும் தேர்வு. ஏப்ரல் கடைசியில் வினாத்தாளைக் கொடுத்து, மே முதல் வாரத்தில் திரும்ப வாங்கினார்கள். ஏறத்தாழ ஒரு வாரம்.

முதல் பக்கத்தில் இருந்த விதியின் சாரம் இது: புத்தகம் பார்க்கலாம், குறிப்புகள் பார்க்கலாம், இணையம் பார்க்கலாம், முதலியன. மற்றபடி, வகுப்பறையில் எழுதும் தேர்வுக்கு உள்ள கட்டுப்பாடுகள்தான் இதற்கும். குறிப்பாக, தேர்வைப் பற்றி மற்றவர்களோடு பேசக் கூடாது. விடுதியில் இருக்கும் வழிகாட்டி ஆசிரியர்களோடும், கட்டுரை எழுத உதவும் மையத்தோடும்கூடப் பேசக் கூடாது.

படித்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. பேசக் கூடாது என்றால் பேசக் கூடாது. அந்த விதியை மீறியவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் வினாத்தாள் எழுதிப் பழகிய கண்ணுக்கு அந்த ‘முதலியன’ உறுத்தும். எதையெல்லாம் அனுமதிக்கிறோம் என்ற பட்டியலின் கடைசியில் ‘முதலியன’ போட்டால், மீதியை மாணவரே நிரப்பிக்கொள்வார். தேர்வுக்கு முன்னால் நாலு பேர் சேர்ந்து தயாரித்து, மின்னஞ்சலில் சுற்றிய பாடக்குறிப்பு இருக்கிறது. அது ‘குறிப்புகள்’ கணக்கில் வருமா, ‘மற்றவர்களோடு பேசியது’ கணக்கில் வருமா? தேர்வு கையில் வந்தபிறகு அதே கோப்பை இன்னொருவர் திருத்தி அனுப்பினால்? காகிதத்தில் குறிப்பெடுத்த காலத்தில் இந்தச் சந்தேகம் எழ வழியே இல்லை. நோட்டு ஒருவர் கையில்தான் இருக்கும். கூகுள் டாக்ஸ் வந்தபிறகு நோட்டும் பேச்சும் ஒரே பக்கத்தில் கலந்துவிட்டன.

தேர்வு நடந்த வாரத்திலும் சிக்கல் இருந்தது. பாடம் முடிந்ததும் மாணவர்கள் பெயர் போடாமல் எழுதும் மதிப்பீட்டில் சிலர் இப்படிப் புகார் எழுதினார்கள்: ஒரு கேள்வி என்ன கேட்கிறது என்றே புரியவில்லை. இன்னொன்றில் வந்த ஒரு சொல்லை வகுப்பிலும் பாடநூலிலும் சரியாக விளக்கவில்லை. தாளைக் கொடுக்க வேண்டிய நேரம் நெருங்கியபோது ஆசிரியரைச் சந்திக்கும் நேரம் ரத்தாகிவிட்டது. அதனால் பலர் கூட்டமாக உதவி ஆசிரியர்களிடம் போய் நின்றார்கள். ஒருவர் கொஞ்சம் விளக்கினார், இன்னொருவர் விளக்கவில்லை என்றால், யாரோடும் பேசாதே என்ற விதி என்ன ஆகும்?

திருத்தும்போது கண்ணில் பட்டது

காப்பியைக் கண்டுபிடித்தது மென்பொருள் இல்லை. தாள் திருத்திக்கொண்டிருந்த ஓர் உதவி ஆசிரியர். 22,500 என்ற எண்ணை எழுதும்போது காற்புள்ளிக்குப் பின்னால் தேவையில்லாத ஓர் இடைவெளி விழுந்து, ‘22, 500’ என்று இருந்தது. இன்னொரு தாளிலும் அதே இடத்தில் அதே இடைவெளி.

திருத்துகிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான் இது: சரியான விடை ஒன்றாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை, தப்பு ஒன்றாக இருந்தால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். சரியான விடைக்குப் பாதை ஒன்றுதான். தப்பு செய்ய ஆயிரம் வழி இருக்கிறது, ஆளுக்கொரு தப்பு செய்வார்கள். அமெரிக்க ராணுவத்தின் வெஸ்ட் பாயின்ட் அகாடமியில் 2020 மே மாதம், கொரோனாவால் வீட்டிலிருந்தே எழுதிய கால்குலஸ் தேர்வில் 73 பேர் மாட்டியதும் இப்படித்தான். ஒரு கணக்கில் எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறியிருந்தார்கள்.

ஹார்வர்ட் தாளில் இன்னொரு தடயமும் இருந்தது. கூடுதல் மார்க்குக்கான குறுவிடைக் கேள்வி ஒன்று. உறுப்பினர்களுக்குச் சுதந்திரம் தருவதுபோலத் தோன்றி, கடைசியில் கட்சித் தலைமையின் கையில் அதிகாரத்தைக் குவித்த இரண்டு மாற்றங்களைக் காங்கிரஸ் வரலாற்றிலிருந்து சொல்லச் சொன்னது அது. 1910இல் நடந்த சீர்திருத்தத்தையும், அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்னால் அவைத்தலைவராக இருந்த ஹென்றி கிளேயின் காலத்தையும் ஜோடி சேர்த்துச் சிலர் எழுதியிருந்தார்கள். அந்த ஜோடி சட்டென்று யாருக்கும் தோன்றக்கூடியது இல்லை என்பது ஆசிரியரின் கருத்து.

முதலில் சந்தேகத்துக்கு வந்தவை 13 தாள்கள்.

எடுத்த முடிவுகள்

பேராசிரியருக்கு முன்னால் ஒரு சுலப வழி இருந்தது. 13 பேரைக் கூப்பிட்டுக் கண்டித்து, மார்க்கைக் குறைத்து, விஷயத்தை அறைக்குள்ளேயே முடித்திருக்கலாம். உலகெங்கும் பல ஆசிரியர்கள் செய்வது அதுதான். நம் ஊரில் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘பையன் வாழ்க்கை பாழாகிவிடும்’. அவர் அப்படிச் செய்யாமல் மே மாதத்திலேயே கல்லூரியின் ஒழுங்கு விசாரணைக் குழுவுக்கு எழுதினார். இந்த முடிவு சரி என்றே எனக்குப் படுகிறது. ஆசிரியரே போலீசும் நீதிபதியும் ஆனால் தண்டனை ஆளுக்கு ஆள் மாறும்.

அடுத்த முடிவு, 13 தாளோடு நிறுத்தாமல் 279 தாளையும் திரும்பப் படிப்பது. கண்ணில் பட்டவன் மட்டும் மாட்டி, படாதவன் தப்புவது நியாயமில்லை என்பது இதன் தர்க்கம். கோடை விடுமுறையில் எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். எண்ணிக்கை வகுப்பில் பாதியை நெருங்கியது. கல்லூரியில் அப்போது படித்தவர்களில் இது சுமார் 2 சதவீதம்.

மூன்றாவது முடிவுதான் வழக்கத்துக்கு மாறானது. ஆகஸ்ட் 30ஆம் தேதி கல்லூரியே இதை வெளியில் அறிவித்தது. பாடத்தின் பெயரையோ மாணவர் பெயரையோ சொல்லவில்லை. நேர்மையைப் பற்றி வளாகம் முழுக்கப் பேச இதை ஒரு வாய்ப்பாக்கலாம் என்று நினைத்தார்கள். பாடத்தின் பெயர் மாணவர் பத்திரிகையில் வர அதிக நேரம் ஆகவில்லை. அதன்பின் அந்தப் பாடத்தை எடுத்த 279 பேரும், தனியாக உட்கார்ந்து நேர்மையாக எழுதியவர்கள் உட்பட, ‘நீயும் அதில் இருக்கிறாயா?’ என்ற கேள்வியோடு நடமாட வேண்டியதாயிற்று. விசாரணை பாதியில் இருக்கும்போது அறிவிக்காமல், முடிந்தபின் அறிவித்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

மாணவர்கள் தரப்பு

விசாரணை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நடந்தது. மொத்தமாக ஒரே தீர்ப்பு எழுதவில்லை. மாணவர்கள் சொன்ன காரணங்கள் பலவகை. ஒரே விரிவுரைக் குறிப்பைப் பலர் பகிர்ந்து படித்தோம், அதனால் விடையும் ஒன்றுபோல வந்தது என்றார்கள் சிலர். உதவி ஆசிரியர்களே தேர்வுக் கேள்வியை விளக்கினார்கள், ஒரே ஆளிடம் போன எல்லாருக்கும் ஒரே விளக்கம்தானே கிடைக்கும் என்றார்கள் வேறு சிலர். செமஸ்டர் முழுக்கச் சேர்ந்து படிப்பது இயல்பாக இருந்த வகுப்பில், ஒரு வாரத்துக்கு மட்டும் எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது நடைமுறையில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று புரியவில்லை என்பது பொதுவான குரல்.

இவற்றில் சில சாக்குகள், சில உண்மைகள். எந்த மாணவரிடம் எது என்று பிரிப்பதுதான் குழுவின் வேலை. அதற்கு அவர்களுக்கு டிசம்பர் வரை ஆனது.

அந்தத் தாமதம் தன் பங்குக்கு வேலை செய்தது. செப்டம்பரில் கூடைப்பந்து அணியின் இணைத் தலைவர்கள் இருவரும் தாங்களாகவே படிப்பை இடைநிறுத்திக்கொண்டார்கள். சீசன் தொடங்கி ஆடிவிட்டு, நடுவில் வெளியேற்றப்பட்டால் போட்டியில் ஆடத் தகுதியான வருடங்களில் ஒன்று வீணாகும். முன்கூட்டியே விலகினால் மிஞ்சும். குற்றம் செய்தோமா இல்லையா என்பது ஒருபுறம் இருக்க, காலண்டரைப் பார்த்து முடிவெடுக்கும் நிலைக்கு மாணவர்கள் தள்ளப்பட்டார்கள்.

முடிவு

2013 பிப்ரவரி 1ஆம் தேதி முடிவுகளின் தொகுப்பைச் சொன்னார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர், சுமார் 70 பேர், குறிப்பிட்ட காலத்துக்குக் கல்லூரியைவிட்டு வெளியேற வேண்டும். மிச்சம் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எச்சரிக்கையோடு கூடிய கண்காணிப்பு. மற்றவர்கள்மீது நடவடிக்கை இல்லை. வெளியேறியவர்கள் காலம் முடிந்ததும் திரும்பி வந்து படிக்கலாம், நிரந்தர நீக்கம் இல்லை. தீர்ப்பு ஆளுக்கு ஆள் வெவ்வேறு மாதத்தில் வந்ததால் கட்டணக் கணக்கில் அநியாயம் நேரக் கூடாது என்று, எல்லாரும் 2012 செப்டம்பர் 30 அன்று வெளியேறியதாகவே வைத்துக் கணக்குப் போட்டார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

சந்தேகப் பட்டியலில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர்மீது எதுவும் நிரூபணமாகவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விடைத்தாள் ஒற்றுமை என்பது விசாரிக்கத் தொடங்கக் காரணம், அவ்வளவுதான். அதையே தீர்ப்பாக எடுத்திருந்தால் முப்பது பேர் அளவுக்கு அநியாயமாக வெளியே போயிருப்பார்கள்.

கல்லூரி தாண்டிய கோடு

கதை இதோடு முடியவில்லை. விசாரணையின் ஆரம்பத்தில், சிக்கிய மாணவர்களுக்கு எப்படி ஆலோசனை சொல்வது என்று விடுதிகளில் பொறுப்பிலிருந்த டீன்களுக்குப் போன ரகசிய மின்னஞ்சல் ஒன்று பத்திரிகைக்குக் கசிந்தது. யார் கசியவிட்டது என்று பார்க்க, 16 டீன்களின் அலுவல் மின்னஞ்சல் கணக்குகளில் நிர்வாகம் அவர்களுக்குத் தெரியாமல் தேடியது. 2013 மார்ச்சில் பாஸ்டன் குளோப் நாளிதழ் இதை வெளியிட்டதும் ஆசிரியர்கள் கொதித்தார்கள். தலைப்பு வரியைத்தான் பார்த்தோம், உள்ளடக்கத்தைப் படிக்கவில்லை என்றார்கள் நிர்வாகத்தினர். ஏப்ரலில், ஒரு டீனின் கணக்கில் இரண்டாவது தேடலும் நடந்ததை ஒப்புக்கொண்டார்கள். வெளியிலிருந்து வழக்கறிஞர் வந்து அறிக்கை எழுத வேண்டியதாயிற்று. அந்த வருடம் ஜூலையில் கல்லூரியின் டீன் பதவியிலிருந்து இறங்கினார். மின்னஞ்சல் விவகாரம் அதற்குக் காரணம் இல்லை என்றார். மின்னஞ்சலை எப்போது, யார் அனுமதியோடு பார்க்கலாம் என்ற கொள்கை 2014இல் வந்தது.

மாணவருக்கு எழுத்தில் விதி போட்ட இடம், தனக்கு அப்படித் தெளிவான ஒரு விதியை வைத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு

2013 இலையுதிர் காலத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களிடம் அங்குள்ள மாணவர் பத்திரிகை கருத்துக் கேட்டது. பதில் சொன்னவர்களில் 42 சதவீதம் பேர் வீட்டுப்பாடத்தில் ஏமாற்றியதுண்டு என்றார்கள். தேர்வில் ஏமாற்றியதாகச் சொன்னவர்கள் 10 சதவீதம். வீட்டுப்பாடத்துக்கும் தேர்வுக்கும் நடுவில் எங்கேயோதான் அந்த வீட்டுத் தேர்வு நின்றது என்பது இந்த இரண்டு எண்களைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது.

2014 மே மாதம் ஆசிரியர் அவை நேர்மை உறுதிமொழி ஒன்றை ஏற்றது. 2015 இலையுதிர் காலத்தில் அது நடைமுறைக்கு வந்தது. மாணவர்களும் அங்கம் வகிக்கும் தனிக் குழு ஒன்று இத்தகைய வழக்குகளைப் பார்க்கத் தொடங்கியது. அமெரிக்காவின் இன்னொரு பல்கலைக்கழகமான பிரின்ஸ்டன் 1893இலேயே செய்ததை ஹார்வர்ட் செய்ய இவ்வளவு காலம் ஆனது.

உறுதிமொழியால் பலன் உண்டா? படிவத்தின் மேலே கையெழுத்து வாங்கினால் பொய் குறையும் என்று 2012இல்தான் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்து புகழ்பெற்றது. எழுதியவர்களில் ஹார்வர்ட் பேராசிரியர்களும் உண்டு. அதில் இருந்த ஒரு தரவுத் தொகுப்பு ஜோடிக்கப்பட்டது என்று தெரிந்து 2021இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். நேர்மை பற்றிய ஆய்வுக்கே அந்தக் கதி. உறுதிமொழியை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மட்டும் நம்பி வினாத்தாளைக் கவனிக்காமல் விட முடியாது.

இன்றைக்கு இதே தேர்வு நடந்தால்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்துவிட்டது. அந்த முதல் பக்கத்தை இன்று அப்படியே அச்சடித்தால் என்ன ஆகும்? இணையம் பார்க்கலாம். சாட்ஜிபிடி இணையத்தில்தான் இருக்கிறது. மற்றவர்களோடு பேசக் கூடாது. அது ‘மற்றவர்’ கணக்கில் வருமா? விதிப்படி பார்த்தால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

காட்டிக்கொடுக்க ‘22, 500’உம் இருக்காது. கேட்கிற ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வாக்கியத்தில் பதில் வரும். கருவியைக் கருவியால் பிடிக்கலாம் என்றால், அதைத் தயாரித்த நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று அதே ஜூலையில் நிறுத்திவிட்டது. கேமராவை வைத்து மாணவர் அறையைச் சுற்றிப் படம்பிடிக்கச் சொல்லலாம் என்றால், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு மாணவர் வழக்குப் போட்டு, அரசுப் பல்கலைக்கழகம் அப்படிச் செய்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆக, மாற்ற வேண்டியது வினாத்தாள் பக்கம்தான். ‘முதலியன’வை எடுத்துவிட்டு, எவை உண்டு, எவை இல்லை என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்: தேர்வுக்கு முன்னால் தயாரித்த கூட்டுக் குறிப்பு உண்டு, தேர்வு வந்தபின் அதைத் திருத்தக் கூடாது, சாட்ஜிபிடி போன்றவை இல்லை, சந்தேகம் வந்தால் கேட்க வேண்டிய முகவரி இது ஒன்றே, வரும் பதில் எல்லாருக்கும் போகும். உதவி ஆசிரியர்கள் தனித்தனியாக விளக்கம் சொல்லவே கூடாது. ஒரு வாரம் கொடுப்பதையும் நான் விடுவேன். ஒரு வாரம் பேசாமல் இரு என்று விடுதியில் சேர்ந்து வாழும் பிள்ளைகளிடம் கேட்பது அதிகம். பேசக் கூடாது என்பது அவ்வளவு முக்கியமென்றால், தேர்வு அறைக்குக் கூட்டிவந்து மூன்று மணி நேரம் காகிதத்தில் எழுத வைத்துவிடலாம். வீட்டுத் தேர்வுதான் வேண்டுமென்றால் பேசவும் அனுமதித்து, யாரோடு என்ன பேசினேன் என்று கடைசியில் எழுதிக் கொடுக்கச் சொல்லலாம்.

அதோடு, எழுதியதைப் பற்றி ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிடம் நேரில் கேட்பது. ஹென்றி கிளேயை ஏன் எடுத்தாய், 1910இல் என்ன நடந்தது என்று இரண்டே கேள்வி. தானாக எழுதியவர் அதற்கு மேலேயும் பேசுவார். இவ்வளவு பெரிய வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். 279 பேருக்கு ஐந்து நிமிடம் என்றால் 23 மணி நேரம் சொச்சம். உதவி ஆசிரியர்கள் பங்கிட்டுக்கொண்டால் ஒரு வாரத்துக்குள் முடியும். 2012 மே மாதத்தில் தொடங்கிய விசாரணை, முடிவைச் சொல்ல அடுத்த பிப்ரவரி வரை ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டது.